கடல் வற்றும் நேரம் பார்த்துப் புறப்படுங்கள்: புலாவ் உபின் தீவில் ஒரு முழு நாளுக்கான வழிகாட்டி

ஊரிலிருந்து பெற்றோரோ உறவினரோ சிங்கப்பூருக்கு வந்தால், நம்மில் பெரும்பாலோர் அவர்களை மரினா பே, செந்தோசா, விலங்குத் தோட்டம் என்று மூன்று நாள் சுற்றிக் காட்டிவிட்டு, நான்காம் நாள் தேக்காவில் கடைகளுக்கு அழைத்துப் போய், பெட்டியைக் கட்டி விமானம் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். அந்த வரிசையில் புலாவ் உபின் அநேகமாக இடம்பெறுவதில்லை. சாங்கியிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடப் படகுப் பயணத்தில் இருக்கும் இந்தத் தீவில் காடும் கழிமுகமும் கைவிடப்பட்ட கல்குவாரிகளும் கம்பம் எனப்படும் மலாய்ச் சிற்றூர் வீடுகளும் சீனக் கோயில்களும் சுமார் பத்துச் சதுர கிலோமீட்டருக்குள் அடங்கியிருக்கின்றன. பல ஆண்டுகளாக உறவினரோடும் பிள்ளைகளோடும் தனியாகவும் அங்கு சென்று வருபவன் என்ற முறையில், ஒரு நாளை எப்படித் திட்டமிட வேண்டும், எந்த வரிசையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இந்த வழிகாட்டியில் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவது ஒன்றுதான்: உங்கள் வசதிக்கு ஏற்ற நேரத்தை முதலில் வைக்காதீர்கள், கடல் வற்றும் நேரத்தை முதலில் பார்த்து, மற்ற அனைத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: நாள் குறித்தல்

முதன்முறை நான் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில். தீவின் கிழக்கு முனையில் இருக்கும் செக் ஜாவா சதுப்புநிலத்தைப் பற்றி அவ்வளவு கேள்விப்பட்டு, வெயிலில் மிதிவண்டி மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது, கடல்மேல் அமைந்த நடைபாதையின் இரு பக்கமும் பழுப்பு நிறத் தண்ணீர் மட்டுமே தளும்பிக்கொண்டிருந்தது. நண்டும் இல்லை, நட்சத்திர மீனும் இல்லை. இடம் அதேதான், நான் போன நேரம் தவறு.

கடல் ஒரு நாளில் ஏறத்தாழ இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. செக் ஜாவாவில் தரையும் அதன்மேல் வாழும் உயிர்களும் நன்றாகத் தெரிய வேண்டுமானால், கடல்மட்ட அட்டவணையில் வற்றத்தின் அளவு 0.5 மீட்டர் அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். இந்த அட்டவணை இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்பே வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் கதிரவனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதால், ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். அட்டமி, நவமியை ஒட்டிய நாள்களில் இரண்டும் குறைவு. ஆகவே அந்த நாள்களில் செக் ஜாவாவை நம்பிப் போக வேண்டாம்.

இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. சிங்கப்பூரில் ஆண்டின் நடு மாதங்களில் மிகத் தாழ்ந்த வற்றம் பெரும்பாலும் விடியலுக்கு முன்னும், ஆண்டிறுதி மாதங்களில் பிற்பகலிலும் மாலையிலும் அமைகிறது. செக் ஜாவாவோ காலை எட்டரை மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்கு மூடப்படுகிறது. வற்றம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பின்னுக்குத் தள்ளிப் போவதால், நடு ஆண்டில் போகிறவர்கள் அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்த இரண்டாம், மூன்றாம் நாளைத் தேர்ந்துகொண்டால், வற்றம் காலை வேளைக்கு நகர்ந்து வந்திருக்கும். அளவும் அவ்வளவாகக் குறைந்திருக்காது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை இருப்பதால், மாலை வற்றத்தை நம்பிப் போகிறவர்கள் மழையையும் கடைசிப் படகையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வெயில் பொறுக்கக்கூடியவர்களுக்கு மழை குறைந்த பிப்ரவரி, மார்ச் மாதங்கள் நன்று. நாள் முடிவானதும் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் எந்தப் பாதை பராமரிப்புக்காக மூடியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குன்றுப் பாதைகளும் நடைபாதைகளும் அவ்வப்போது மூடப்படுவதுண்டு.

இரண்டாம் படி: மூட்டை கட்டுதல்

தீவுக்குச் சிங்கப்பூர்ப் பெருநிலத்தின் குழாய்நீர் வருவதில்லை. அங்குள்ளவர்கள் கிணற்று நீரைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். அதனால் ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், கொசு மருந்து, மழைக்கு ஒரு நெகிழி மேலங்கி, விரலை மூடும் காலணி ஆகியவை கட்டாயம். படகுக்கும் மிதிவண்டிக்கும் சில்லறையாக ரொக்கப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். துறையை ஒட்டிய கடைவீதியில் கடலுணவுக் கடைகளும் இளநீரும் உண்டு. ஆனால் சைவம் மட்டும் உண்பவர்கள் புளிச்சோறோ தயிர்ச்சோறோ கட்டி எடுத்துச் செல்வதே நிம்மதி. சோற்றுப் பொட்டலத்தை முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். கையில் தொங்கும் நெகிழிப் பையில் உணவு இருக்கும் என்பதை அங்குள்ள குரங்குகள் நன்கு அறிந்திருக்கின்றன.

மூன்றாம் படி: சாங்கிச் சிற்றூர்

தானா மேரா எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் ஏறினால் சாங்கிச் சிற்றூர்ப் பேருந்து முனையத்தில் இறங்கலாம். வற்றம் காலை ஒன்பதரைக்கு என்றால், ஏழு மணிக்கு இங்கே இருப்பது நல்லது. உணவங்காடி நிலையத்தில் காலை உணவை முடித்துவிடுங்கள். இங்கு தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்குக்கு வரிசையில் நிற்பவர்கள் நகரின் மறுகோடியிலிருந்தும் வருகிறார்கள்.

படகேறும் முன் அருகிலேயே இருக்கும் ஸ்ரீ ராமர் கோயிலுக்குள் ஒரு நடை போய் வரலாம். இராமபிரானை மூலவராகக் கொண்ட கோயில் இது. 1940களில் இந்த வட்டாரத்துப் படைத்தளத்தில் வேலை பார்த்த நம்மவர்களின் வழிபாட்டிடமாகத் தோன்றி, இன்று சீனப் பக்தர்களும் வந்து கும்பிடும் கோயிலாக இருக்கிறது. அங்கு புத்தருக்கும் இடமுண்டு. கடலைக் கடக்கப் போகும் பயணத்தை இராமர் சன்னிதியில் தொடங்குவது என் அத்தைக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அனுமார் முன் நின்று, “பாலம் கட்டாமலே கடக்கப் போறோம் சாமி” என்று அவர் சொன்னதை இன்றும் வீட்டில் சொல்லிக்கொள்கிறோம்.

நான்காம் படி: படகு

சாங்கி முனைப் படகுத்துறையில் உபினுக்கும் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்திலுள்ள பெங்கெராங்குக்கும் படகுகள் புறப்படுகின்றன. பெங்கெராங்குக்குக் கடவுச்சீட்டு வேண்டும், உபினுக்கு வேண்டியதில்லை. எனவே வரிசையில் சேரும்போதே கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ‘பம்போட்’ என்று எல்லாரும் சொல்லும் பழைய மரப்படகுகள்தாம் இங்கு ஓடுகின்றன. முன்பதிவு கிடையாது, கால அட்டவணையும் கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். இதை எழுதும் வேளையில் பெரியவருக்கு ஒருவழிக் கட்டணம் நான்கு வெள்ளி. சொந்த மிதிவண்டி கொண்டுபோனால் கூடுதல் கட்டணம் உண்டு. வாரநாள் காலையில் ஆள் சேரத் தாமதமானால், காலியாக இருக்கும் இருக்கைகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்து உடனே கிளம்பலாம்.

படகில் இடப்பக்கம், வலப்பக்கம் என்று பார்க்காமல் பின்புறம் திறந்த இடத்தில் உட்காருங்கள். தலைக்குமேல் சாங்கி விமானங்கள் தாழப் பறக்கும். எதிரே ஜோகூர்க் கரை நீண்டு கிடக்கும். நடுவே மீன்பண்ணைகளின் மிதவைகள். பிள்ளைகள் உடன் வந்தால் தீவு பிறந்த மலாய்க் கதையைச் சொல்ல ஏற்ற இடம் இது. தவளை, பன்றி, யானை மூன்றும் சிங்கப்பூர்க் கரையிலிருந்து ஜோகூருக்கு யார் முதலில் நீந்திச் சேர்வது என்று பந்தயம் கட்டினவாம். தோற்றவர் கல்லாகிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மூன்றுமே கரை சேரவில்லை. யானையும் பன்றியும் ஆற்றால் பிளவுண்ட உபினின் இரு பாதிகளாயின. தவளை, செக் ஜாவாவுக்கு எதிரே இருக்கும் செக்குடு என்னும் சிறு பாறைத்தீவாயிற்று. கதையில் தோற்றுப்போன யானைகள் நிகழ்வில் வென்றிருக்கின்றன. 1990இல் ஜோகூர்க் காட்டிலிருந்து மூன்று யானைகள் நீந்தி, பக்கத்திலிருக்கும் புலாவ் தெக்கோங்கில் உண்மையாகவே கரையேறின.

ஐந்தாம் படி: துறையும் கடைவீதியும்

இறங்கியதும் இடப்புறம் திரும்பினால் கடைவீதி. மலாய் மொழியில் ‘உபின்’ என்ற பெயர் கருங்கல்லைக் குறித்து வந்தது. ஹொக்கியன் சீனர்கள் ‘கல்மலை’ என்று பொருள்படும் பெயரால் தீவை அழைத்தார்கள். ஒரு காலத்தில் குவாரித் தொழிலாளிகள், விவசாயிகள், மீனவர்கள் என்று இரண்டாயிரம் பேர் வரை வாழ்ந்த தீவில் இன்று நிலையாகத் தங்கியிருப்போர் சில பத்துப் பேர் மட்டுமே. மின்சாரமும் பெருநிலத்திலிருந்து வருவதில்லை. மின்னாக்கிகள் ஓடும் ஓசை இன்னும் காதில் விழும். சூரிய ஆற்றலைக் கலந்த சிறு மின்கட்டமைப்பு ஒன்று 2013 முதல் கடைவீதிப் பக்கம் இயங்குகிறது.

வீதியின் ஓரத்தில் துவா பெக் கோங் கோயிலும், அதற்கு நேர் எதிரே கூத்து மேடையும் இருக்கின்றன. துவா பெக் கோங், நம் ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரைப் போல, குடியேறிய இடத்தைக் காக்கும் மூத்தவர். மேடை கோயிலைப் பார்த்தபடி கட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்: கூத்தின் முதல் பார்வையாளர் சாமிதான், மக்கள் நடுவே அமர்ந்து பார்க்கிறார்கள். சிங்கப்பூரில் நிலையாகக் கட்டிய சீனக் கூத்து மேடைகள் அரிதாகிவிட்ட நிலையில் இது தப்பிப் பிழைத்திருக்கிறது. திருவிழா நாள்களில் கலைஞர்கள் படகேறி வந்து ஆடுகிறார்கள். விசாகப் பௌர்ணமியை ஒட்டி நீங்கள் போக நேர்ந்தால் அந்தக் காட்சி உங்களுக்கு வாய்க்கலாம்.

மிதிவண்டி வாடகை வண்டியின் தரத்தைப் பொறுத்தது. பணம் கொடுக்கும் முன் மூன்று காரியம் செய்யுங்கள்: இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், எல்லாக் கியரையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள், வீதியில் ஐம்பது மீட்டர் ஓட்டிப் பாருங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் எடுத்துச் சென்ற வண்டியின் சங்கிலி பாதி வழியில் கழன்று, மறுபடியும் மறுபடியும் கழன்றுகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்ததில் அன்றைய வற்றம் கைநழுவிப் போயிற்று. முதியோரும் சிறு குழந்தைகளும் உடன் வந்தால் கடைவீதியில் கிடைக்கும் வாடகை வேனைப் பேசிக்கொள்ளுங்கள். நடக்க விரும்புவோருக்குச் செக் ஜாவா சுமார் நாற்பது நிமிட நடை.

ஆறாம் படி: கிழக்கே போகும் பாதை

செக் ஜாவாவுக்கான சாலை பெரும்பகுதி சமதளம். நடுவில் சில ஏற்ற இறக்கங்கள் வரும், இறக்கத்தில் சரளைக்கல் வழுக்கும். பழைய ரப்பர் மரங்கள், தென்னந்தோப்புகள், டுரியான், ரம்புத்தான், பலா என்று கம்பத்துக்காரர்கள் விட்டுச்சென்ற மரங்களெல்லாம் காட்டோடு காடாகக் கலந்து நிற்கின்றன. சாலையோரம் தகரக் கூரையும் பலகைச் சுவருமாகச் சில வீடுகள் தெரியும். அவற்றில் ஆள் குடியிருக்கிறார்கள். படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். உள்ளே போய்ப் பார்க்க விரும்பினால், பழைய சீனக் குடியிருப்பைச் செப்பனிட்டுப் பார்வையாளருக்குத் திறந்து வைத்திருக்கும் ‘டெக் செங்கின் இல்லம்’ இருக்கிறது.

தலையை அடிக்கடி மேலே உயர்த்துங்கள். கரகரவென்று சிரிப்பது போல ஓர் ஒலியும், இறக்கை காற்றை அறுக்கும் ஓசையும் கேட்டால் அது இருவாச்சி. சிங்கப்பூரிலிருந்து முற்றாக மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்தப் பறவையின் ஓர் இணை 1994இல் உபினில் தென்பட்டது. இனப்பெருக்கக் காலத்தில் பெண்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, வாயிலை அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு பிளவை விட்டுவைக்கும். குஞ்சு வளரும்வரை ஆண்பறவைதான் அந்தப் பிளவு வழியாக இரை ஊட்டும். பெரிய பொந்துள்ள முதுமரங்கள் குறைந்துவிட்டதால் மரங்களில் கூட்டுப்பெட்டிகள் பொருத்தப்பட்டன. அவற்றையும் பறவைகள் ஏற்றுக்கொண்டு பெருகி, இன்று பெருநிலத்திலும் சாதாரணமாகத் தென்படுகின்றன.

செக் ஜாவா வாயிலில் மிதிவண்டியை நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். கூடையில் உணவு எதையும் விட்டுப் போகாதீர்கள். அங்கே காட்டுப்பன்றிகள் குட்டிகளோடு உலவும். அவற்றுக்கு உணவு தருவது சட்டப்படி குற்றம், நமக்கும் ஆபத்து.

ஏழாம் படி: செக் ஜாவா

நாளின் மையம் இது. குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மணற்கரை, பாறைக்கரை, கடற்புல் படுகை, பவளச் சிதைவுத் திட்டு, அலையாத்திக் காடு, கரையோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் ஏறத்தாழ நூறு ஹெக்டேருக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. வற்றத்திற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க ஒவ்வொன்றாக வெளிப்படுவதைப் பார்ப்பதுதான் இதில் உள்ள இன்பம்.

முதலில் கடலோர நடைபாதையில் நடங்கள். இது தண்ணீருக்கு மேலேயே அமைந்திருப்பதால் காலில் சேறு படாது, கீழே வாழும் உயிர்களுக்கும் மிதிபடும் துன்பம் இல்லை. கைப்பிடியில் சாய்ந்து ஓரிடத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதலில் வெறும் ஈர மணல்தான் தெரியும். பிறகு மணல் நகரும். விரல்நகம் அளவுள்ள நண்டுகள் வளையிலிருந்து வெளியே வந்து, மணலை அள்ளி வாயில் வைத்து, அதிலுள்ள இரையைச் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்ச மணலைக் கடுகு போல உருட்டி உருட்டிப் பின்னால் தள்ளும். வளையைச் சுற்றி அந்த உருண்டைகள் கோலப்புள்ளி வைத்தது போலப் பரவியிருக்கும். சேறு மிகுந்த பக்கத்தில் ஒற்றைக் கொடுக்கு மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் அந்தக் கொடுக்கை மேலும் கீழும் ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும். நீங்கள் கையை ஓங்கினால் எல்லாமே ஒரே நொடியில் மறைந்துவிடும். மீண்டும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கடற்புல் படுகைப் பக்கம் நட்சத்திர மீன்களும், விரித்த கம்பளம் போன்ற கடற்சாமந்திகளும் தென்படலாம். கையில் தொலைநோக்கி ஒன்று இருந்தால் பெரிதும் பயன்படும்.

அடுத்து அலையாத்திக் காட்டுக்குள் செல்லும் பாதை. பிச்சாவரத்தில் படகேறிச் சுற்றியவர்களுக்கு இந்த மரங்கள் பழக்கமானவை. கால் கால்களாக வேரூன்றி நிற்பது சுரபுன்னை இனம். அதன் காய் மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போலத் தொங்கி, விழுந்த இடத்தில் வேர் பிடிக்கும். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அலையாத்தியின் மூச்சுவேர்கள். அலையாத்தி தான் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. வெயில் ஏறிய பின் இலையை உற்றுப் பார்த்தால் உப்புப் பூத்திருப்பது தெரியும். மூச்சுவேர்களுக்கு இடையே துடுப்பால் ஊன்றித் தாவித் தாவிப் போகும் சேற்று உளுவைகளைப் பார்த்தால் பிள்ளைகள் அங்கிருந்து நகரவே மாட்டார்கள்.

என் அத்தை வேதாரண்யம் பக்கத்துக்காரர். கரையோரத்தில் தாழையையும் நுணாவையும் கண்டதும், மரத்துக்கு மரம் நின்று, நுணாப் பட்டையில் சாயம் எடுத்தது, தாழம்பூவைத் துணிப்பெட்டிக்குள் வைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளியில் நெய்தல் திணை என்று மனப்பாடம் செய்த என் மகள், தாழையை முதன்முதலில் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். தமிழ்ப் பிள்ளைகளை இங்கே அழைத்து வாருங்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

பாதையின் இடையே நிற்கும் ஜெஜாவி கோபுரம் சுமார் இருபது மீட்டர் உயரம். ஆல இனத்தைச் சேர்ந்த ஜெஜாவி மரத்தின் பெயரைத் தாங்கியது. மேலேறினால் காட்டின் முகட்டுக்கு இணையாக நிற்கலாம். காலையில் பறவை பார்க்க ஏற்ற இடம். கடைசியாக, ‘முதலாம் எண் வீடு’. 1930களில் பிரிட்டிஷ் நில அளவைத் தலைமை அதிகாரி ஒருவர் தம் ஓய்வுக்காகக் கட்டிய ஆங்கிலப் பாணி இல்லம் அது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் இந்தத் தீவில் குளிர்காய்வதற்கான கணப்பு அடுப்பையும் அவர் கட்டினார்; அது இன்றும் உள்ளே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னுள்ள துறைமேடை வரை போனால் கடற்காற்று தடையின்றி வீசும்.

அங்கே அமர்ந்து இளைப்பாறும்போது ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்த இடம் முழுவதும் மணலுக்கடியில் போயிருக்க வேண்டியது. செக் ஜாவாவை மேடாக்கிக் கடலை நிலமாக்கும் திட்டம் தயாராகி, 2001 இறுதியில் வேலை தொடங்கவிருந்தது. இங்கே என்னென்ன வாழ்கின்றன என்பது அதற்குச் சற்று முன்னர்தான் இயற்கை ஆர்வலர்களின் கண்ணில் பட்டது. அவர்கள் சொல்லக் கேட்ட பொதுமக்கள், அழியும் முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வற்றம் பார்த்துக் கூட்டங்கூட்டமாகப் படகேறினார்கள், தொண்டூழியர்கள் இருக்கும் உயிர்களைக் கணக்கெடுத்தார்கள், கடிதங்கள் எழுதப்பட்டன. 2001 டிசம்பரில் அரசு திட்டத்தைத் தள்ளிவைத்தது. அதன் பிறகும் இடர் நீங்கிவிடவில்லை. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஜோகூரில் கொட்டிய பெருமழையால் ஆற்றுநீர் கலந்து கடலின் உப்பு குறைய, நட்சத்திர மீன்களும் கடற்சாமந்திகளும் பெருமளவில் மடிந்தன. ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் அவை மீண்டன. நடைபாதையும் கோபுரமும் திறந்தது அதே 2007இல்தான்.

எட்டாம் படி: மதிய உணவும் கல்குவாரியும்

வெயில் உச்சிக்கு ஏறும்போது கடைவீதிக்குத் திரும்பி, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் நிழலில் இருங்கள். பின்னர் மேற்கே கிளம்பினால் சிறிது தூரத்திலேயே பெக்கான் குவாரி. வேலிக்கு அப்பால் பச்சை நீர்த் தடாகமும், நடுவிலுள்ள சிறு திட்டுகளில் கூடுகட்டும் நாரைகளும் தெரியும். செங்குத்தாக நிற்கும் பாறைமுகம் இயற்கையின் வேலை எனத் தோன்றினாலும், அது மனிதக் கை வெட்டியது. குழியில் நிற்பது மழைநீர். நீர் மிக ஆழமானது. வேலியைத் தாண்டக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1999 வரை இத்தீவில் கல் வெட்டினார்கள். இங்கிருந்து போன கருங்கல்லால்தான் 1851இல் பெட்ரா பிராங்கா பாறைமீது ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எழுந்தது. அந்தப் பாறை சிங்கப்பூருக்கே உரியது என்று அனைத்துலக நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தபோது, அங்கே நின்றுகொண்டிருந்தது உபின் கல். 1855இல் ஒளியேற்றப்பட்ட ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கமும், 1924இல் நிறைவுற்ற ஜோகூர்க் கடற்பாலமும் இந்தத் தீவின் கல்லைக் கொண்டவையே. ராஃபிள்ஸ் விளக்கத்திற்காக இங்கே கல்லுடைத்தவர்களில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தி வரப்பட்ட கைதிகளும் இருந்தார்கள். 1825 முதல் 1873 வரை சிங்கப்பூரின் சாலைகளையும் புனித அந்திரேயா பேராலயத்தையும் கட்டிய அதே மக்கள். உபினில் நமக்கென்று ஒரு கோயிலோ தெருப்பெயரோ இல்லை. ஆனால் அந்தப் பாறைமுகத்தின் முன் நிற்கும்போதெல்லாம் அவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

ஒன்பதாம் படி: மேற்கே, செர்மன் பெண்ணின் சன்னிதி

கால்களில் தெம்பு இருந்தால் மேலும் மேற்கே கெத்தாம் குவாரிப் பக்கம் போங்கள். அங்கே காட்டுக்குள் ஒரு சிறு மஞ்சள் நிறக் கோயில் இருக்கிறது. 1914இல் முதல் உலகப்போர் வெடித்தபோது, தீவில் காப்பித் தோட்டம் வைத்திருந்த செர்மானியக் குடும்பத்தைப் பிரிட்டிஷ் படையினர் பிடிக்க வந்தார்கள் என்றும், பயந்து ஓடிய இளம்பெண் குவாரி விளிம்பிலிருந்து தவறி விழுந்து இறந்தாள் என்றும், தோட்டத் தொழிலாளிகள் அவள் உடலைக் கண்டு அடக்கம் செய்து வழிபடத் தொடங்கினார்கள் என்றும் தீவுக்காரர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். குவாரி விரிந்தபோது சமாதி இப்போதைய இடத்திற்கு மாற்றப்பட்டது.

பெரிய சிலையை எதிர்பார்த்து உள்ளே போனால் வியப்படைவீர்கள். பீடத்தில் வாசனைத் திரவியப் புட்டிகள், நகப்பூச்சு, உதட்டுச்சாயம், கண்ணாடி, சீப்பு. நடுவே ஒரு பார்பி பொம்மை. பலருக்கு இது விநோதமாகப் படுகிறது. நமக்கு அப்படிப் படத் தேவையில்லை. அகாலத்தில் இறந்த கன்னிப்பெண்ணுக்கு மஞ்சளும் வளையலும் பாவாடைத் துணியும் படைத்துக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. “நம்ம கன்னியம்மாதானே” என்று சொல்லி, அத்தை தம் தலையிலிருந்த பூவில் ஒரு துண்டைக் கிள்ளி வாசலில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பொருள்களைத் தொடாமல், அமைதியாக நின்று பார்த்துவிட்டு வாருங்கள். வேறு மொழி பேசும், வேறு மதத்துப் பெண்ணைச் சீனத் தொழிலாளிகள் தம் தெய்வமாக்கிக்கொண்ட இடம் அது.

74 மீட்டர் உயரமுள்ள புவாக்கா குன்று திறந்திருக்கும் காலமானால், திரும்பும் வழியில் ஏறிப் பாருங்கள். உபின் குவாரியும் அதற்கப்பால் ஜோகூரும் தெரியும். மலைப்பாதை மிதிவண்டிப் பூங்கா பழகியவர்களுக்கு மட்டும். அதற்கும் மேற்கே உள்ள பகுதி 1967 முதல் அங்கு இயங்கும் வெளிப்புறச் சாகசப் பயிற்சிப் பள்ளிக்குரியது. நமக்கு அனுமதி இல்லை.

பத்தாம் படி: திரும்புதல்

மாலை ஐந்தரைக்குள் மிதிவண்டியை ஒப்படைத்துவிட்டுத் துறையில் இருங்கள். ஏழு மணியை ஒட்டிப் படகுகள் ஓய்ந்துவிடும். வார இறுதியில் கடைசி நேர வரிசை நீளமாக இருக்கும். இடி இடித்தால் துறையின் கூரைக்கடியில் காத்திருங்கள், படகோட்டியை அவசரப்படுத்த வேண்டாம். கொண்டுபோன குப்பையைக் கொண்டுவந்துவிடுங்கள். சிப்பியோ கல்லோ பிள்ளைகளின் பையில் இருக்கிறதா என்று படகேறும் முன் பார்த்து, இருந்தால் கரையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். காலியான சங்கு ஏதாவது ஒரு துறவி நண்டுக்கு வீடாகும். சாங்கியில் இறங்கியதும் சூடாக ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, 2ஆம் எண் பேருந்தில் உட்கார்ந்தபடியே அடுத்த அமாவாசை எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.